ஸ்டோரில் காய வைத்த கிராதி

நான் பயந்த சுபாவம் உள்ளவன். என் மனைவி இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், ஆகவே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஏறினால் கடைசி வளைவு முடியும்வரை கம்பியைப் பிடித்த கையை எடுக்க மாட்டேன். தோட்டத்தில் யாராவது யானை என்று சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் பாதி தூரம் போயிருப்பேன். அந்தப் பயமெல்லாம் வந்த வேகத்தில் போய்விடும். எங்கள் கோவில் கிராதி என் கையில் விரிசல் விட்ட பிறகு எட்டு நாள் எனக்கிருந்த பயம் அப்படிப் போகவில்லை. சோறு தட்டில் இருக்கும், கை அதில் இருக்கும், வாய்க்குப் போகாது.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் குரங்கணிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் அதில் வேலை பார்ப்பவர்களுக்கும் அதுதான் கோவில். ஒரு காலத்தில் அதன் நடுவில் குறுக்காக நின்ற மரத்தடுப்பைத்தான் கிராதி என்கிறோம். ஆறு பலகைகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். மேல்பாதி கொடியும் இலையுமாகக் குடைந்தெடுத்த வேலை, இடைவெளி வழியாக மறுபக்கம் தெரியும். கீழ்ப்பாதி கெட்டிப் பலகை. அதில் பழக்குலைகளும் இலைகளும் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். மூன்றாவது பலகையில் ஒரு மலை அணில் குலையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கிராதிக்கு முன்னால், பீடத்தை ஒட்டி உட்கார்ந்தவர்கள் ஒரு சாதி. பின்னால், வாசலை ஒட்டி உட்கார்ந்தவர்கள் நாங்கள். சாதிப் பெயரை எழுதப் போவதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்கு ஊகிக்கத் தெரியும். நின்றால் மேல்பாதி இடைவெளி வழியாகச் சாமியாரின் தலையும் கையும் தெரியும். உட்கார்ந்தால் பலகைதான் தெரியும். பூசையில் பாதிக்கு மேல் உட்கார்ந்தோ முழங்காலிட்டோதான் இருக்க வேண்டும். ஆகவே எங்கள் ஆட்கள் பிரசங்கத்தைக் காதால் கேட்டார்கள், மற்றதை மணிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது புதிதாக வந்த சாமியார் ஒருவர், ஒரு வாரநாளில் இரண்டு ஆசாரிகளைக் கூட்டிவந்து கிராதியைக் கழற்றிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பக்கக் குடும்பங்களில் பாதி வரவில்லை. வந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களும் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்கள். நடுவில் நாலடி வெறும் தரை கிடந்தது. அதில் முதலில் யார் கால் வைப்பது என்று யாருக்கும் தைரியமில்லை, பல மாதங்கள் அப்படியே கிடந்தது.

பலகைகள் கோவிலுக்குப் பின்னால் ஒரு அறையில் வருடக்கணக்கில் தூசியாகக் கிடந்தன. பிறகு கலையில் ஆர்வமுள்ள வேறொரு சாமியார் வந்தார். அவற்றைத் துடைத்து, வார்னிஷ் அடித்து, ஞானஸ்நானம் கொடுக்கிற மூலையில் சுவரோரமாக வளைத்து நிறுத்தினார். அன்றிலிருந்து அது எங்கள் பெருமை ஆகிவிட்டது. கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலில் வந்தது, தூத்துக்குடியில் இறக்கி மாட்டுவண்டியில் கொண்டுவந்தது என்று ஒரு கதையும் முளைத்தது. எந்த நாட்டுக் கப்பலில் எங்கள் மலை அணில் ஏறி வந்தது என்று நான் கேட்டதுண்டு. பழக்குலைகளும் திராட்சை மாதிரித் தொங்கவில்லை, ஏலச் சரம் மாதிரி அடியிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும். செதுக்கியவர் இந்த மலையில் நடமாடியவர் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கப்பல் கதை வசதியானது. எங்கிருந்தோ வந்த பொருளை எதற்காகச் செய்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கோவிலுக்கு ஜூபிலி வந்தது. விழாக்குழுவில் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று இப்போதுள்ள ஃபாதர் பிடிவாதமாகச் சொல்லி என்னைச் சேர்த்தார். குழுவுக்குத் தலைவர் என் முதலாளியம்மா. அவர் தோட்டத்தின் ஏலக்காய் ஸ்டோரை, அதாவது பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தி எடுக்கும் கட்டடத்தை, நான் இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எழுபது தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர், என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. கிராதிக்கு மரம் கொடுத்ததும் கூலி கொடுத்ததும் முன்பக்கக் குடும்பமான அவர் புகுந்த வீட்டார் என்பது, கப்பல் கதையையும் மீறி, எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

முதல் கூட்டத்திலேயே என் வாய் சும்மா இருக்கவில்லை. கிராதிக்கு எவ்வளவு இடம் போகிறது என்று பேச்சு வந்தபோது, இதை விறகுக்குப் போட்டால் ஸ்டோருக்கு ஒரு வாரச் சூடு தாங்கும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருடம் மழை விடவேயில்லை. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்த்தால் பலகைகளின் அடியில் பூசணம், ஓரங்களில் வண்டு துளைத்து மாவு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஆயர் வந்து அந்த மூலையில்தான் ஜெபம் சொல்லி விழாவைத் தொடங்கி வைக்கப் போகிறார். என்ன செய்வது என்று குழுவில் கேட்டார்கள். நான் எழுந்து சொன்னேன்: ஸ்டோரில் வைத்தால் இரண்டு நாளில் ஈரம் இறங்கிவிடும், வண்டும் செத்துவிடும்.

இதைப் படிக்கிற தச்சர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மலையில் மழைக்காலத்தில் நாங்கள் எல்லாவற்றையும் ஸ்டோரில்தான் காய வைப்போம். பள்ளிக்கூடப் புத்தகம் நனைந்தால் ஸ்டோர், மிளகு நனைந்தால் ஸ்டோர், ஒரு தடவை முகூர்த்தப் புடவையே ஸ்டோரில் காய்ந்து மணமேடைக்குப் போய், பெண் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை பாயச வாசனை என்று சொன்னானாம். காயின் பச்சை போகாமல் ஈரத்தை மட்டும் எடுக்கத் தெரிந்தவன் நான். பலகை எம்மாத்திரம் என்று நினைத்தேன். கர்வம்தான், வேறென்ன சொல்ல. எங்கள் ஆள் ஒருவன் சொல்லி அந்தக் குழு ஒன்றை ஏற்றுக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு பலகைகளையும் சாக்குச் சுற்றி ஜீப்பில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். காய் தட்டுகளை எடுத்துவிட்டு, சூட்டுக் குழாய்களுக்கு மேலே கட்டை கொடுத்து, பலகைகளைப் படுக்க வைத்தேன். காய்க்கு வைக்கிற சூட்டில் பாதிதான் வைத்தேன். மணிக்கொரு தடவை கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டேன். காய்க்கு என்னென்ன செய்வேனோ அத்தனையும் ஒழுங்காகச் செய்தேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். குழாய் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுவதற்குள் இன்னொன்று. கதவைத் திறந்து அனல் அடங்கும்வரை நிற்கப் பொறுக்காமல் உள்ளே போனேன். இரண்டு பலகைகள் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தன. ஒன்றில் விரிசல் அணிலின் கழுத்து வழியாகப் போயிருந்தது. வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கீழே தரையில் விரல்நுனி அளவுக்கு உருண்டை உருண்டையாகச் சிறு மரத்துண்டுகள் சிதறிக் கிடந்தன.

நான் கத்தவில்லை. டீ கிளாஸ் கையிலேயே இருந்தது, அதிலிருந்த டீ என் வேட்டியில் கொட்டிக்கொண்டிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். பலகைகளை வெளியே இழுத்துப் போட்டேன். முதலில் மனதில் வந்தது ஆயரோ ஃபாதரோ இல்லை, என் சொந்த வாய். விறகுக்குப் போட்டால் ஒரு வாரச் சூடு தாங்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான். கிராதிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் மகன். அவனை முதல் தடவையாக உள்ளே விட்டார்கள், கிராதியை அவன் கையில் கொடுத்தார்கள், அவன் கொண்டுபோய் அடுப்பில் வைத்து வெடிக்க வைத்துவிட்டான். வேண்டுமென்றே செய்தான் என்று சொல்வார்கள். இல்லை என்று நான் எதை வைத்து நிரூபிப்பேன்? என் வேலை போகும், அது கூடப் பரவாயில்லை. இனிமேல் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் எந்தக் குழுவிலும் உட்கார வைக்க மாட்டார்கள், அதற்கு என்னைக் காரணம் காட்டுவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதில் எனக்கே உறுதி இல்லாமல் போன நேரமும் உண்டு. சூட்டைப் பாதியாக வைத்தேனா, அதற்கும் மேலா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். உள்ளுக்குள் எங்கோ அந்தக் கோபம் இருந்து, கை அதற்குத் தகுந்தபடி விறகைத் தள்ளியிருக்குமோ என்று நினைத்தபோது பயம் இன்னும் கூடியது.

ஃபாதர் போன் செய்தார். நல்லபடியாகக் காய்கிறது என்று சொன்னேன். சாமியாரிடம் பொய் சொல்வது எனக்குப் புதிது. சொன்ன பிறகு சுலபமாகத்தான் இருந்தது.

மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி பலகைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே கிடந்த மரத்துண்டுகளைப் பொறுக்கினாள். பதினொன்று இருந்தன. பலகைகளில் தேடினால் பதினோரு ஓட்டைகள். பின்பக்கத்திலிருந்து திருகிய ஓட்டைகள், முன்பக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு பழத்தின் நடுவில் வந்து முடிந்திருந்தன. பழத்துக்குப் பழம் செதுக்கல் இருப்பதால் முன்னால் இருப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பிறகு யாரோ கண்டுபிடித்து, ஓட்டைக்குச் சரியாகக் கட்டையைச் சீவி அடித்து, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். இத்தனை காலமும் இறுகி நின்றவை என் ஸ்டோர் சூட்டில் சுருங்கி உதிர்ந்துவிட்டன.

மனைவி ஒரு பலகையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, அதன் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். ஓட்டை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. இன்னும் இரண்டு ஓட்டைகள் அதற்கும் கீழே, பிள்ளைகள் உயரத்தில். கொஞ்ச நேரம் அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கம் நின்றதால் அவளுடைய ஒரு கண் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"இது பொம்பளைக சோலி. ஆம்பளைகன்னா ஒரு ஓட்டையோட நிறுத்தியிருப்பாக. பதினொன்னு போட அவுகளுக்குப் பொறுமை ஏது" என்றாள்.

சனிக்கிழமைகளில் கோவிலைக் கூட்டித் துடைத்தது எங்கள் பெண்கள்தான். முன்பக்கம் போய் எந்தப் பழம் எங்கே இருக்கிறது என்று விரலால் அளக்க அவர்களுக்கு மட்டும்தான் வாய்ப்பு இருந்திருக்கும். அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. பெருமைப்பட வேண்டிய நேரம் அது. எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. விரிசலாவது விபத்து. இந்த ஓட்டைகளோடு பலகையைக் கோவிலில் வைத்தால் அவை எதற்கு என்று கேட்பார்கள். இத்தனை வருடமாக யாரும் பேசாத பேச்சை நான் கிளப்பிவிட்டதாக ஆகும்.

அன்று சாயங்காலமே பஸ்சு பிடித்துப் போடிக்குப் போனேன். பழக்கமான மரக்கடை பாய் ஒருவர் இருக்கிறார், என்னைவிட இளையவர். ஒரு பலகை பிளந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டார். சொன்னதும் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "காயை வாட்டலாம்ணே. பலகையை வாட்டலாமா? உள்ள ஈரம் இருக்க, வெளிய மட்டும் சூடு ஏறுனா அது வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். இருபத்தைந்து வருடம் சூட்டோடு புழங்குகிறவனுக்கு இது தெரியவில்லை. பசையும், பிளவை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்விகளும் கொடுத்தார். சிறு ஓட்டைகளை அடைக்க மரத்தூளும் பசையும் எப்படிக் கலப்பது என்றும் காட்டினார். எத்தனை ஓட்டை என்று கேட்டார். நான் பையைக் கட்டினேன்.

பிளவுகளை ஒட்டி இறுக்கினேன். அதில் தவறில்லை. பிறகு உதிர்ந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பசையில் தோய்த்து ஓட்டைகளில் வைத்து அடித்தேன். சந்துகளில் மரத்தூள் கலவையை அப்பினேன். நான்கு நாள் இதே வேலை. மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நின்றாள்.

"அவுக ஒரு தடவ அடைச்சாக. இப்ப நீங்க அடைக்கிறீக" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. போய்ச் சோலியைப் பார் என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். ஜூபிலி முடியட்டும், இதெல்லாம் அடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்தாவது கட்டையை அடித்தேன். சுத்தியல் விரலில் விழுந்தது. வலித்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலையில் முதலாளியம்மாவின் ஜீப்பு ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. சனிக்கிழமை அவர் வருவது வழக்கம்தான், பயத்தில் கிழமையே மறந்திருந்தேன். பலகைகளை மூடுவதற்குள் உள்ளே வந்துவிட்டார். விரிசல் ஒட்டியிருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்துவிட்டேன்.

"வேணும்னு செய்யலம்மா."

அவர் என்னைப் பார்த்தார். "வேணும்னு ஏம்ப்பா செய்வே?" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். சூடு, சத்தம், பிளவு. ஓட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே ஒரு பலகையின் மேல் கையை ஓட்டினார். செதுக்கலின் மேல் போய்க்கொண்டிருந்த விரல் ஒரு பழத்தில் வந்து நின்றது. பசை இன்னும் முழுக்கக் காயவில்லை. பக்கத்துப் பழத்தைத் தடவினார், அதைத் தாண்டிப் போனார், அடைப்பு இருந்த அடுத்த பழத்தில் மறுபடியும் நின்றார். எந்தப் பழம் என்று தேடவில்லை. விரலுக்கு வழி தெரிந்திருந்தது.

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வீணாச் சிரமப்படாதே. கேரளாவுல கம்ப்யூட்டர்ல வெட்டிக் குடுக்குறாங்களாம், ரெண்டே நாள்ல வந்துரும். புதுசு வச்சுக்கலாம். இதெ அடுப்புல போட்டு எரிச்சிரு" என்றார்.

எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இத்தனை நாளாக நான் எதற்குப் பயந்தேனோ, அதைச் செய்யச் சொல்லி உத்தரவே கிடைத்துவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, முதலாளியம்மாவே சொன்னார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் என் மேல் நிற்கவில்லை, கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது. வெளியே டிரைவர் நிற்கிறானா என்று பார்க்கிறார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக நான் அப்படித்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் பயம்.

"எரிக்க மாட்டேன்மா" என்றேன்.

அவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பிஷப்பு வர்றாருப்பா. ஆளுக போட்டோ எடுப்பாக. இது என்னன்னு யாராச்சும் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"நாங்க பாத்த ஓட்டைன்னு சொல்லுவேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்த வாரத்துக் காய் எவ்வளவு காய்ந்தது என்று கேட்காமல் அவர் போனது அன்று ஒருநாள்தான்.

ஸ்டோர் சாவியைக் கேட்டு ஆள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காத்திருந்த நேரத்தில் அடைப்புகளைப் பிடுங்கினேன். அவ்வளவு பயத்தோடு அடித்தவை லேசில் வருமா? திருப்புளியால் குத்தி, சூட்டுக்கோலால் பசையை இளக்கி, ஒவ்வொன்றாக எடுக்க அன்று முழுக்க ஆனது. மனைவி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பலகைகளைக் கோவிலில் அதே மூலையில் நிறுத்தினோம். ஃபாதரிடம் நடந்ததையெல்லாம், போனில் சொன்ன பொய்யையும் சேர்த்து, ஒத்துக்கொண்டேன். அவர் ஓட்டைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்றார். முன்பக்கக் குடும்பத்தைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவர் விரிசலைத் தடவிப் பார்த்து, "விறகுக்குப் போடணும்னு சொன்னவருதானே" என்று பாதிச் சிரிப்போடு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார். நான் பயந்தது கடைசியில் வந்தேவிட்டது. வெளியே போய்ச் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

மறுநாள் விழா. ஆயர் வந்தார். மாலை, மேளம், குடை எல்லாம் முடிந்து அந்த மூலைக்குக் கூட்டிவந்தோம். ஜெபப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அவர் பலகைகளைப் பார்த்தார். வேலைப்பாட்டைப் பாராட்டினார். குனிந்து ஒரு பழத்தைப் பார்த்து, இதென்ன, பழம்தோறும் ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சவால் விட்டவன். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயோடு நின்றேன். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேர் முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்ப, என் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. முந்தின நாள் விறகைச் சொல்லிக் காட்டிய அந்த உறுப்பினர், "அது ஒண்ணுமில்ல ஆண்டவரே, இவருதான் ஸ்டோர்ல கொண்டுபோய் வச்சு..." என்று ஆரம்பித்தார்.

முதலாளியம்மா நடுவில் பேசினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பூசை பாக்க அவுக போட்ட ஓட்டை, ஆண்டவரே. அடைச்சது நாங்க."

ஆயர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதலாளியம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. ஸ்டோருக்கு அவர் வந்த காலையில் பசை ஈரமாக இருந்தது. அந்த வாரம் அந்த ஓட்டைகளை அடைத்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை.